பெரியவனின் லீவு

அந்த வீட்டில் பெரியவன் லீவில் வந்திருந்தான். லீவு எப்போது முடியும் என்று அவனிடம் வீட்டார் யாரும் கேட்பதில்லை. இந்த விதியை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. மாடிப்படியில் எந்தப் பலகை ஆடும் என்பது வீட்டிலுள்ளவர்களின் கால்களுக்குத் தெரிந்திருப்பதைப் போல, அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பாதி நடந்துகொண்டிருக்கையில், ஒரு பெட்டியோடும் ஒரு பிளாஸ்டிக் வாளியோடும் அவன் வந்து இறங்கிய காலையில், கடை வாசலில் நின்றிருந்த வாடிக்கையாளர் ஒருவர் “என்ன தம்பி, திடீர்னு?” என்றார். அவன் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “லீவுங்க.” அந்த ஒரு காலையைக் கடப்பதற்காக மட்டுமே அவள் அதைச் சொன்னாள். ஆனால் மறுநாளும் யாரோ கேட்டார்கள். அதற்கடுத்த வாரமும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அதே சொல் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதற்குப் பின் அவனோடு சேர்ந்த பிள்ளைகள் படிப்பை முடித்தார்கள், வேலைக்குப் போனார்கள், அவர்களில் சிலருடைய அலுவலகச் சட்டைகள் இந்தக் கடைக்கே இஸ்திரிக்கு வரத் தொடங்கின. பெரியவன் அவற்றையும் மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தான். லீவு முடியவில்லை.

கீழ்த்தளம் முழுவதும் சலவைக் கடை. முன்னறையில் கவுண்டரும், எண் அட்டை குத்திய துணிகள் தொங்கும் கம்பிகளும். பின்னறையில் துவைக்கும் எந்திரங்களும் நீராவி இஸ்திரி மேசையும். மேல்தளத்தில் குடியிருப்பு. அப்பா வண்டி ஓட்டினார். விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்புகளையும் மருத்துவமனையிலிருந்து சீருடைகளையும் கொண்டுவருவதும் திருப்பிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. கவுண்டரும் கணக்கும் கடைசிச் சொல்லும் அம்மாவுடையவை. இஸ்திரி மேசையைப் பெரியவன் எப்போது எடுத்துக்கொண்டான் என்று யாராலும் சொல்ல முடியாது. லீவில் வந்த பிள்ளை சும்மா இருப்பானேன் என்று நின்றவன், நின்றுவிட்டான்.

லீவு என்றால் அதற்குரிய மரியாதைகள் செய்யப்பட வேண்டும். அவனுடைய பெட்டி கட்டிலுக்கடியில் பாதி அடுக்கியபடியே இருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் அணியும் வெள்ளைக் கோட்டை அம்மா அவ்வப்போது மருத்துவமனைத் துணிகளோடு சேர்த்துத் துவைத்து, தானே தேய்த்து, அலமாரியில் மாட்டினாள். அழுக்கே படாமல் வெளுத்து வெளுத்து நைந்துபோன துணி அந்தக் கடையில் அது ஒன்றுதான்.

இந்த ஏற்பாடு அப்படியே நீண்டிருக்கக்கூடும். ஆனால் சின்னவள் பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளுடைய மதிப்பெண்களும் அவளோடு கூடவே வந்தன. பள்ளித் தேர்வில் கணக்கில் தோல்வி, மறுதேர்விலும் தோல்வி. இயற்பியலில் நூலிழையில் தப்பித்திருந்தாள். மற்றவை ‘பரவாயில்லை’ என்று சொல்லக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய அளவில் இருந்தன. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, உள்ளே வராமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மாவும் சின்னவளும் மட்டும் போனார்கள்.

வழிகாட்டி ஆசிரியையின் அறை முன்பு விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையாக இருந்தது; மூலையில் இன்னமும் காற்றுப்போன இரண்டு பந்துகள் கிடந்தன. ஆசிரியைக்கு ஜலதோஷம். மேசையிலிருந்த குடுவையிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டே பேசினார்.

“நேரா விஷயத்துக்கு வரேம்மா. இந்த மார்க்குக்கு இன்ஜினியரிங் கிடைக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். சேர்த்துக்கறதுக்குக் காலேஜ் இருக்கு. சேர்ந்த பிறகு இவ என்ன ஆவாங்கறதுதான் என் கவலை.”

“சேர்ந்துட்டாப் படிச்சிருவா டீச்சர். விளையாட்டுப் புத்தி. கொஞ்சம் பொறுப்பு வந்துட்டா...”

“பொறுப்பெல்லாம் நிறையவே இருக்கு. கணக்குதான் இல்லை.”

சின்னவள் சிரித்துவிட்டாள். அம்மா முழங்கையால் இடித்தாள்.

“உனக்கு என்னம்மா படிக்கணும்?” என்று ஆசிரியை அவளைப் பார்த்துக் கேட்டார்.

“தெரியல மிஸ். கணக்கு வேண்டாம்னு மட்டும் தெரியும்.”

“அதுவே பாதிப் பதில்தான். சரி, வீட்டுல என்ன வேலை செய்வே?”

“வண்டில மூட்டை ஏத்துவேன்.”

அம்மாவுக்கு முகம் சுருங்கியது. சொல்வதற்கு வேறு வேலையா இல்லை? ஆனால் ஆசிரியை குவளையைக் கீழே வைத்துவிட்டு, எப்படி என்று கேட்டார். சின்னவள் சொன்னாள்: அப்பா எந்த வழியாகப் போவார் என்பதைப் பொறுத்து, கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் உள்ளே தள்ள வேண்டும், தொங்கவிடும் துணிகளுக்கு இடம் விட்டுத்தான் மூட்டைகளை அடுக்க வேண்டும், ஒரு விடுதிக்காரர் நேரம் மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். “நான் ஏத்தலைன்னா அப்பா ஒவ்வொரு இடத்துலயும் பாதி வண்டியை ரோட்டுல இறக்கி வெச்சுட்டு நிப்பார், மிஸ்.”

“அப்பா பாவம்தான்” என்றார் ஆசிரியை. “சரக்குப் போக்குவரத்துன்னு ஒரு படிப்பு இருக்கு. கிடங்கு, வண்டி, கப்பல், எது எப்ப எங்க போகணும்னு பாக்கறது. ரெண்டு வருஷ டிப்ளமா.”

“வண்டி ஏத்தறதுக்குக் காலேஜா?” என்றாள் அம்மா. “அதுக்கு நான் வீட்டுலயே உக்கார வெச்சுக்குவேனே.”

ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, தினமும் சொல்லிப் பழகிய, ஆனால் அலுத்துவிடாத குரலில் விளக்கினார். வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வரும் தூரம். முதல் பருவத்தில் கணக்குக்கும் எழுத்துக்கும் தனி வகுப்புகள் உண்டு. பள்ளியில் தடுக்கி விழுந்த பிள்ளைகளுக்காகவே வைத்திருக்கிறார்கள். ஒழுங்காக முடித்தால் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். “அப்ப டிப்ளமா மார்க்கைத்தான் பாப்பாங்க. இந்த மார்க்கை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஆனா அதுலயும் கணக்கு உண்டும்மா. இல்லைன்னு சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன். கம்மியா இருக்கும், மெதுவாப் போகும், அவ்வளவுதான்.”

சின்னவள் தலையசைத்தாள்.

“வீட்டுல காலேஜ் போனவங்க யாராவது இருக்காங்களா?”

“பெரியவன் இன்ஜினியரிங் படிக்கிறான்” என்றாள் அம்மா. “இப்ப லீவுல வந்திருக்கான்.”

கல்லூரிகளில் பருவத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்த மாதம் அது. ஆசிரியை அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“ரொம்ப நல்லதாப் போச்சு. அவர்கிட்டயே கேளும்மா. முதல் வருஷம் எப்படி இருக்கும், எங்க தடுக்கும், தடுத்தா யார்கிட்டப் போய் நிக்கணும், எல்லாத்தையும் கேளு. நான் ஆயிரம் சொன்னாலும் எட்ட நின்னு சொல்றதுதான். அவர் உள்ள போயிட்டு வந்தவர்.”

அப்பா வண்டியை வீட்டுக்குத் திருப்பினார். சின்னவளுக்கு இப்போது தேவைப்பட்ட அறிவு முழுவதும், காசு கொடுத்தாலும் கிடைக்காத துல்லியத்தோடு, அவர்கள் வீட்டிலேயே இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்குவதற்கான கேள்வியைத்தான் அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து வீட்டைவிட்டு விலக்கி வைத்திருந்தார்கள்.

மாலையில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, வாகனக் காப்பீட்டு முகவர். எந்த அலுவலகத்திலும் தனக்குத் தெரிந்த ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையிலேயே காலம் தள்ளுபவர், பெரும்பாலும் அப்படி ஒருவர் இருக்கவும் செய்தார்.

“என்னக்கா சொல்லுது அந்த டீச்சரம்மா?”

“வண்டி ஏத்தப் படிக்கச் சொல்லுது.”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “ஏண்டி, மூட்டை தூக்கறவளுக்கு எங்கடி மாப்பிள்ளை பாக்கறது? லாரியையா கட்டி வெக்கறது?”

“லாரி நல்லா சம்பாதிக்கும் மாமா” என்றாள் சின்னவள். “வாயும் பேசாது.”

“வாய், வாய். மார்க்கு மட்டும் இந்த வாய் அளவுக்கு இருந்திருந்தா!” அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். “நீ கவலைய விடு. பெரியவனைச் சேர்த்த இடத்துலயே பேசிட்டேன். ஆபீஸ்ல அதே ஆள்தான். பெரியவன் தங்கச்சின்னேன், மார்க்கே கேக்கலை. சனிக்கிழமை நேர்ல வந்து இடத்தை உறுதி பண்ணச் சொல்லிட்டார்.”

அதுவரை செய்தித்தாளுக்குள் இருந்த அப்பா தலையை எடுத்தார். “அதே இடமா மச்சான்?”

“அந்த இடத்துக்கு என்ன அத்தான் குறை?”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். விதிக்கு மிக அருகில் அவர் வந்துவிட்டிருந்தார். இன்னும் ஒரு சொல் போதும். பின்னறையில் இஸ்திரி மேசை பெருமூச்சு விட்டது.

“குறை ஒண்ணும் இல்ல” என்றார் அப்பா. “தூரம்.”

“தூரம்னா ஹாஸ்டல் இருக்கு.”

“ஆமா, ஹாஸ்டல் இருக்கு” என்று ஒப்புக்கொண்டு அவர் மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

சின்னவள் மட்டும் ஆசிரியை சொன்னதைச் செய்துபார்க்க நினைத்தாள். மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் பின்னறைக்குப் போய், அண்ணன் எடுத்துக் கொடுத்த சட்டைகளுக்குக் கழுத்துப் பட்டையில் அட்டை வைத்து மடித்தாள். துவைத்த துவாலைகளை எடுக்க மாடியிலிருந்து இறங்கிவந்த அம்மா, கடைசிப் படிக்கு முந்தைய படியில் அவர்கள் குரலைக் கேட்டு நின்றாள்.

“அண்ணா.”

“சொல்லு வாலு.”

“ஃபர்ஸ்ட் இயர் எப்படிண்ணா இருக்கும்?”

அவன் இஸ்திரி மேசையின் மிதியை அழுத்தினான். நீராவி எழுந்து அடங்கியது.

“நல்லாத்தான் இருக்கும்.”

“கணக்கு?”

“அதுவும் இருக்கும்.”

“இருக்கும்னா எப்படிண்ணா? நம்ம ஸ்கூல் கணக்கு மாதிரியா, அதுக்கும் மேலயா? புரியலைன்னா சொல்லித் தருவாங்களா?”

“காலரை இழுத்துப் பிடி. சுருங்குது பாரு.”

“பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்.”

“இன்னும் நல்லாப் பிடி.”

சின்னவள் காலரை இழுத்துப் பிடித்தாள். அவன் அடுத்த சட்டையை விரித்தான். படியில் நின்ற அம்மாவுக்கு அவனுடைய முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு, பதில் தெரியாத ஒருவனுடையதாக இல்லை. எல்லாப் பதில்களையும் கையில் வைத்துக்கொண்டு, அவற்றை எடுக்கத் தனக்கு அனுமதி இல்லை என்று நிற்பவனுடையதாக இருந்தது. அனுமதியை மறுத்தது யார் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள். கேட்டிருக்க வேண்டாம் என்றும் தோன்றியது.

ஏனென்றால் அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு நினைவுக்கு வந்தது. பெரியவன் கல்லூரிக்குப் போன முதல் ஆண்டில், ஒரு நண்பகலில், கடையின் எந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தது. “அம்மா, எல்லாரும் போயிட்டே இருக்காங்கம்மா, நான் மட்டும் அங்கயே நிக்கறேன்” என்றான். எங்கே போகிறார்கள், எங்கே நிற்கிறான் என்று அவள் கேட்கவில்லை. “முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான். பல்லைக் கடிச்சுட்டு இரு” என்றாள். “நான் வீட்டுக்கு வந்துரட்டுமா?” என்றான். “ஊர் என்ன சொல்லும்?” என்றாள். விடுதிக்காரரின் ஆள் கவுண்டரில் விரல்களைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் போனை வைத்துவிட்டு அவனைக் கவனித்தாள். பிள்ளையிடம் இளகாமல் பேசினோம் என்று அன்று அவளுக்குச் சிறு பெருமைகூட இருந்தது. அவன் அதன் பிறகு பலமுறை அழைத்தான். நன்றாக இருப்பதாகவே சொன்னான். இன்று தங்கையிடம் சொன்ன அதே குரலில், அதே சொற்களில்: நல்லாத்தான் இருக்கு.

அவமானத்திலிருந்து அவனைக் காப்பதற்காக லீவு என்ற சொல்லைத் தான் கொண்டுவந்ததாக அவள் இதுவரை நம்பியிருந்தாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது அந்த நண்பகல் அழைப்புதான் என்பது இப்போது புரிந்தது. அவனிடம் என்ன நடந்தது என்று கேட்டால், அவன் சொல்லத் தொடங்கும் முதல் விஷயம் அதுவாகத்தானே இருக்கும்?

துவாலைகளை எடுக்காமலே அவள் மேலே போய்விட்டாள். புரிந்ததெல்லாம் உடனே செயலாகிவிடுவதில்லை. வெள்ளிக்கிழமை அவள் சின்னவளுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள்; சனிக்கிழமை பயணத்துக்கு அவளுடைய நீல உடையைத் தேய்த்து வைத்தாள். தம்பியிடம் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்துக்கு அவன் “ஏன்?” என்று கேட்பான், அந்த ஏனுக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று மாலை விடுதியின் படுக்கை விரிப்புகளை அவளும் சின்னவளும் மடித்தார்கள். பெரிய விரிப்பு, இருவரும் அறையின் இரு கோடிகளில் நின்று முனைகளைப் பிடித்து, உதறி, மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அப்படி நடந்து வந்து முகத்துக்கு முகம் நின்றபோது சின்னவள் மெல்லக் கேட்டாள்.

“அம்மா, அங்க சேர்ந்தா எனக்கும் ரெண்டாம் வருஷத்துல லீவு விட்டுருவாங்களா?”

அம்மா முனைகளை வாங்கிக்கொண்டாள்.

“இல்ல, முன்கூட்டியே தெரிஞ்சா நல்லதுதானே. வாளி வாங்க வேண்டாம். அண்ணன் வாளியையே எடுத்துட்டுப் போயிட்டு, அதையே திருப்பிக் கொண்டாந்துருவேன்.”

அவள் சிரிக்க முயன்றாள். பாதியில் அது நின்றுவிட்டது. கேலிதான் என்று எடுத்துக்கொள்ள அம்மாவுக்கு வழி விட்டுத்தான் பேசியிருந்தாள். அம்மாவும் அந்த வழியாகவே வெளியேறினாள்.

“அடுத்ததை எடு. ஓரத்தை நேராப் பிடி.”

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவளுக்குக் கேட்டது. காலரை இழுத்துப் பிடி என்று பின்னறையில் ஒலித்த குரல் தன்னிடமிருந்து போனதுதான் என்று தெரிந்தது. சின்னவள் அடுத்த விரிப்பை எடுத்துக்கொண்டு எதிர்க்கோடிக்குப் போய்விட்டாள். மீதமிருந்த விரிப்புகளை இருவரும் மடித்தார்கள். ஒவ்வொரு முறை அருகில் வந்தபோதும் மகள் துணியின் முனையை மட்டுமே பார்த்தாள்.

சனிக்கிழமைக் காலைகளில் கடையில் நிற்க இடம் இருக்காது. வக்கீலம்மா தன் கறுப்பு அங்கிக்காகக் காத்திருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் சீருடைக்கு வந்திருந்தார். கவுண்டரில் சாய்ந்துகொண்டு மருந்துக் கடைக்காரர் தன் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மாமா தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். சின்னவள் நீல உடையில், புதுச் செருப்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா வண்டியில் தானே மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். தப்பாக ஏற்றுகிறார் என்று அவள் முகமே சொன்னது, ஆனால் எழுந்து போகவில்லை.

தேய்த்த துணிகளைக் கம்பியில் மாட்டப் பெரியவன் முன்னறைக்கு வந்தான்.

“என்ன தம்பி” என்றார் மருந்துக் கடைக்காரர், மழை வருமா என்று கேட்கும் சாவகாசத்தில், “இன்னும் லீவு முடியலையா?”

அவர் எப்போதும் கேட்பதுதான். இதற்கு எப்போதும் அம்மாதான் பதில் சொல்வாள். அவள் வாய் திறப்பதற்குள், உற்சாகத்தில் இருந்த மாமா முந்திக்கொண்டார்.

“முடியப் போகுதுங்க. தங்கச்சியும் அந்தக் காலேஜுக்குத்தான் போறா. இப்பக் கிளம்பிட்டோம், இடத்தை உறுதி பண்ண. இனி அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்தே போகலாம், சேர்ந்தே லீவுக்கு வரலாம். என்னடா?”

பெரியவன் தங்கையைப் பார்த்தான். பிறகு, கையில் நாலைந்து சட்டைகள் தொங்க, ஆமாம் என்று தலையசைத்தான்.

அந்தத் தலையசைப்பை அம்மாவால் தாங்க முடியவில்லை. தன் பொருட்டு அவன் இத்தனை காலம் சுமந்த பொய் அவனை மட்டுமே சுட்டது. இதில் இப்போது தங்கையையும் சேர்த்துக் கட்டி, அதற்கும் தலையாட்டச் சொன்னார்கள். அவன் அதற்கும் பழகிப்போய் ஆட்டிவிட்டான்.

“அவன் லீவுல இல்லைங்க” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் வக்கீலம்மா திரும்பிப் பார்த்தார். மருந்துக் கடைக்காரரின் எண்ணிக்கை எங்கோ நின்றது.

“அக்கா, நேரமாச்சு, வா போகலாம்” என்றார் மாமா.

“இரு.” அவள் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “படிப்பு அவனுக்கு அங்க ஓடலைங்க. பாஸ் ஆகலை. வந்துட்டான். முதல் வருஷமே வந்துரட்டுமான்னு கேட்டான், நான்தான் ஊர் என்ன சொல்லும்னு விடலை. அப்பவே வரச் சொல்லியிருந்தா வேற ஏதாவது படிச்சிருப்பான். லீவுன்னு சொன்னது நான். அவன் தன் வாயால ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை.”

“அம்மா, விடும்மா” என்றான் பெரியவன் தாழ்ந்த குரலில்.

“விட்டு விட்டுத்தாண்டா இப்படி ஆச்சு.”

அவள் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அவன் கையிலிருந்த சட்டைகளை வாங்கிக் கம்பியில் மாட்டினாள். பிறகு சின்னவளுக்குப் பக்கத்து நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். வாசலில் அப்பா மூட்டையோடு அப்படியே நின்றிருந்தார்.

“உட்காரு. அங்க உனக்கு என்னடா ஆச்சு? முதல் நாள்லேருந்து சொல்லு. கணக்கு எப்படி இருந்துச்சு, யார்கிட்டப் போய் நின்னே, யாரு சொல்லித் தரலை, எல்லாத்தையும் சொல்லு. இவளுக்குத் தெரியணும். எனக்கும் தெரியணும்டா. நான் கேக்கவே இல்லை.”